பிஷப்பின் கல்யாணம்

நிகனோர் டொலாபா ஒரு பாட்டுக்காக வேலி போட்டவன். நிலத்தகராறில் வேலி போட்டவர்கள் உண்டு, நரிக்குப் பயந்து போட்டவர்கள் உண்டு. நாலு வரிப் பாட்டுக்காகக் கம்பிச் சுருள் வாங்கிவந்து, கம்பம் நட்டு, குளிர்காற்றில் கை வெடிக்க வெடிக்க இழுத்துக் கட்டியவன் ஆண்டீஸ் மலைமேல் இருக்கும் இந்தப் பூனா மேட்டில் அவன் ஒருவன்தான்.

பாட்டைப் பாடியவள் அடுத்த வீட்டு டோமிங்கா வில்தே. அடுத்த வீடு என்றால் இங்கே கூப்பிடு தூரம் இல்லை, புகை தெரிகிற தூரம். இருவருக்கும் லாமா மந்தைதான் பிழைப்பு. நிகனோரின் லாமாக்கள் எல்லாம் ஒரே பழுப்பு. அப்பன் காலத்திலிருந்து நிறம் கலக்காமல் காப்பாற்றி வந்தான். ரோமம் வாங்க வருகிறவர்கள் அவன் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். டோமிங்காவின் மந்தை அப்படியில்லை. வெள்ளை, கறுப்பு, சாம்பல், புள்ளி, திட்டு, இரண்டொரு பழுப்பு என்று எல்லாம் உண்டு. அவளுடைய பொலிகிடா வேறு, பிறந்ததிலிருந்தே எல்லை என்ற ஒன்று இருப்பதாகக் கேள்விப்படாதது. ஒரு கோடையில் நிகனோரின் பட்டியில் பிறந்த குட்டிகளில் பாதி, பெயின்ட் டப்பா கவிழ்ந்த மாதிரி திட்டுத் திட்டாக வந்து விழுந்தன. நிகனோர் நேராக வந்து, உன் கிடாவுக்கு ஒழுக்கம் கிடையாது என்றான். டோமிங்கா கார்னிவல் வரட்டும் என்று இருந்தாள்.

கார்னிவலில் பெண்கள் கைப்பறை தட்டிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் கேலி செய்து பாடலாம். பாட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே குடிக்க வேண்டும், கார்னிவல் முடிந்த மறுநாள் மறந்துவிட வேண்டும். ஊர் வழக்கம் அது. கொரால் பிளாங்கோ ஊர் மொத்தமும் கூடியிருந்த இடத்தில் டோமிங்கா பறையை எடுத்தாள்.

என் கிடா எங்கயும் போகல,
பட்டியில படுத்துக் கெடந்துச்சு.
உன் வீட்டுப் பொட்டைங்கதான் நிகனோரு,
தானா தேடி வந்துச்சு.

ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. மளிகைக்கடை எர்மெலிண்டா சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தாள். எல்லோரும் வழக்கப்படி மறந்தார்கள், நிகனோரைத் தவிர. என் பட்டி உருப்படி எதுவும் தானாக எங்கேயும் போகாது, பாடிய வாயாலேயே அதை இல்லை என்று சொல்லட்டும் என்றான். டோமிங்காவா சொல்வாள்? கார்னிவலில் பாடியதைத் திரும்ப வாங்கினால் அப்புறம் எந்த முகத்தோடு பறையைத் தொடுவது என்றாள். வேலி வந்தது. ஒன்பது வருடம் பேச்சு இல்லை.

பேச்சு போனால் போகிறது, யார் அழுதார்கள். ஊற்றடி வேலிக்கு அந்தப் பக்கம் போனதுதான் வினை. ஊற்றடி என்பது வற்றாத ஒரு ஊற்றும் அதைச் சுற்றிப் பச்சைப் புல்லும். நிலம் நிகனோருடையதுதான். ஆனாலும் வேலிக்கு முன்பு யாருடைய மந்தையும் அங்கே குடித்துவிட்டுப் போகும். மழை பெய்த வருடங்களில் டோமிங்கா எப்படியோ சமாளித்தாள். இங்கே கோடையில்தான் மழை வரும்; போன கோடையிலேயே அது ஏமாற்றியது, இந்தக் கோடையில் கண்ணிலேயே படவில்லை. மந்தையை ஆற்றுக்கு ஓட்டிப் போக வேண்டியிருந்தது. போக அரை நாள், வர அரை நாள். குட்டி போட்ட லாமாக்களுக்குப் பால் வற்றியது, பிறந்த குட்டிகள் வழியிலேயே சுருண்டு படுத்தன. தினமும் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிகனோரின் வேலி ஓரமாக வீட்டுக்கு நடப்பாள். சில நாள் தோளில் இருந்தது உயிரோடு இருக்கும். சில நாள் இருக்காது.

கடைசியில் அவளே முடிவுக்கு வந்தாள். கார்னிவல் முடிந்து வரும் சாம்பல் புதனன்று வியாபாரியின் லாரி வரும், மந்தையை மொத்தமாக ஏற்றிவிட வேண்டியது, ஹுஹுய் நகரத்தில் இருக்கும் மகள் நார்மாவோடு போய் இருந்துவிட வேண்டியது. நார்மா நல்ல பெண். மூன்றாவது மாடியில் வீடு, பால்கனியில் ஒரு பூந்தொட்டி. இனி நீ எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம் அம்மா என்று போனில் ஆசையாகச் சொன்னாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தபோதெல்லாம் டோமிங்கா எழுந்து போய் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விற்பதற்கு முன்னால் காது வெட்டு நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு. டோமிங்காவுக்கு இடது காதில் கவை மாதிரிப் பிளவு, வலது காதில் சாய்வெட்டு. அது இல்லாத லாமாவை எவனும் லாரியில் ஏற்ற மாட்டான். அடுத்தவன் லாமாவின் காதில் தன் வெட்டைப் போட்டால் அதற்குத் திருட்டு என்று பெயர். டவுன் போலீசுக்கு இங்கே வேறு வழக்கே கிடையாது, அதனால் இதை மட்டும் நன்றாக விசாரிப்பார்கள். டோமிங்கா குட்டிக்கு ஒரு வயது ஆனதும் வெட்டுவாள். நிகனோர், குட்டி பிறந்த கோடையிலேயே வெட்டிவிடுவான், ஒருநாள் தள்ளிப்போட மாட்டான்.

கார்னிவல் சனிக்கிழமை காலை ஊர் ஆட்கள் டோமிங்காவின் கல் பட்டியில் கூடினார்கள். முகமெல்லாம் டால்கம் பவுடர், கழுத்தில் காகிதத் தோரணம், காதோரம் துளசி மாதிரி வாசனையடிக்கும் தழை. அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் லிசாந்த்ரோ வந்து இறங்கினான். கால்நடை ஆபீசிலிருந்து அனுப்பப்பட்ட பையன், வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கால்நடை படித்தவனையும் இங்கே எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு பெரிய கான்வாஸ் பேனரைச் சுருட்டி வைத்திருந்தான். அதில் 'கால்நடைத் தொழிலே சமுதாயத்தின் அடித்தளம்' என்று எழுதி, கீழே இறைச்சி, ரோமம், தோல், சுமை, எரு என்று வரிசையாகப் படம் போட்டிருந்தது. இந்தத் தலைப்பில் பேச வேண்டும், மக்கள் கேட்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஆபீஸ் உத்தரவு அவ்வளவுதான்.

பட்டிச் சுவரில் ஏறி நின்று, கால்நடை இல்லையென்றால் சமுதாயம் இல்லை என்று ஆரம்பித்தான். எர்மெலிண்டா அவன் முகத்தில் ஒரு கை பவுடரை அப்பினாள்.

"அது இருக்கட்டும் எஞ்சினியரு. இந்தக் கயித்த கொஞ்சம் பிடி."

பிடித்தான். பிடித்ததும் சோளக் கள் கொடுத்தார்கள். குடித்ததும் இன்னொரு கயிறு கொடுத்தார்கள். அவன் சொல்ல வந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அங்கே விரித்திருந்த விரிப்பு லாமா ரோமம், அடுப்பிலிருந்த சூப் லாமா எலும்பு, அடியில் எரிந்தது லாமா புழுக்கை, கயிறும் செருப்பும் லாமாத் தோல். தலைக்கு மேலே இருந்த வானம் ஒன்றுதான் லாமாவிடமிருந்து வராதது, அதுவும் மழையைத் தராமல் இருந்தது. இதைப் போய் அந்த ஆட்களிடம் சொல்ல ஆபீஸ் பெட்ரோல் செலவழித்து ஆள் அனுப்பியிருந்தது.

காது வெட்டில் ஒரு கல்யாணம் உண்டு. மந்தையின் பொலிகிடாதான் மாப்பிள்ளை. அந்த வருடம் காது வெட்டப்போகும் இளம்பெட்டைகளில் ஒன்று பெண். இரண்டையும் கழுத்தோடு கழுத்து கட்டி, படுக்க வைத்து, போர்வை போர்த்தி, வாயில் வெற்றிலை மாதிரி மெல்லும் கோக்கா இலை வைத்து, பூமித்தாய்க்குக் கள் ஊற்றினால் கல்யாணம் முடிந்தது. அடுத்த கார்னிவல் வரைக்கும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் இரண்டு தரப்பு மந்தையும் பெருகாது. இதில் விளையாடுகிறவன் இந்த மேட்டில் கிடையாது. சாதாரணமாக இரண்டு தரப்பும் ஒரே பட்டி என்பதால் பிரச்சினை வந்ததில்லை.

மாப்பிள்ளைக்குப் பெயர் பிஷப். ஒழுக்கமில்லாத பழைய கிடாவின் மகன். உடம்பெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டு, உச்சந்தலையில் மட்டும் தொப்பி வைத்த மாதிரி வெள்ளை. வருடத்துக்கு இரண்டு முறை வரும் பாதிரியார் இந்தப் பெயரைப் பற்றி விசாரித்தபோது, ஜாடைக்காக வைத்தது சாமி, நடத்தைக்காக இல்லை என்று டோமிங்கா சொன்னாள்.

பெண்ணைத் தேர்ந்தெடுப்பது ஞானத்தகப்பன் வேலை. வெளியூர் விருந்தாளிக்கு அந்த மரியாதையைக் கொடுப்பது வழக்கம் என்பதால் லிசாந்த்ரோ ஞானத்தகப்பன் ஆனான், எர்மெலிண்டா ஞானத்தாய். அவனும் படித்தவன்தானே, புழுதிக்குள் இறங்கிக் காது வெட்டாத இளம்பெட்டை ஒவ்வொன்றின் ரோமத்தையும் விரலால் பிரித்துப் பார்த்தான். கடைசியில் ஒரு பழுப்புப் பெட்டையைப் பிடித்து நிறுத்தி, இதைவிட நைசான ரோமம் இந்த மாகாணத்தில் நான் பார்த்ததில்லை என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

காதை வெட்டுவது வீட்டுக்காரி. டோமிங்காவுக்குத் தன் லாமா ஒவ்வொன்றின் முகமும் தெரியும். இருட்டில் தடவிப் பார்த்தே பெயர் சொல்வாள். ஆனால் அன்றைக்கு அவள் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும். புதன்கிழமை லாரி ஏறப்போவதன் முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? கையில் வந்த காதை வெட்டினாள், சிவப்புக் கம்பளிக் குஞ்சத்தைக் கோத்தாள், அடுத்ததைக் கொண்டுவா என்றாள். பழுப்புப் பெட்டையின் காதும் அப்படித்தான் வந்தது. கவை, சாய்வெட்டு, குஞ்சம்.

கல்யாணப் போர்வை நகரத்துக்குக் கட்டிய மூட்டையின் அடியில் போயிருந்தது. எர்மெலிண்டா சுற்றிலும் பார்த்துவிட்டு லிசாந்த்ரோவின் பேனரை விரித்துப் போர்த்தினாள். பிஷப்பின் முதுகில் இறைச்சியும் ரோமமும், பெண்ணின் முதுகில் சுமையும் எருவும் வந்தன. கோக்கா வைத்தார்கள், கள் ஊற்றினார்கள். ரெண்டும் பிரியாம இருக்கட்டும் என்று ஞானத்தாய் சொன்னாள். ஞானத்தகப்பனும் சொன்னான். கேட்கிற மக்கள் கிடைக்காத வருத்தத்தில் இதையாவது எடுப்போம் என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான்.

பறைச்சத்தம் ஓய்ந்தபோதுதான் அந்த முனகல் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழுப்புத் தாய் லாமா கம்பியில் கழுத்தை வைத்து, குட்டியைக் கூப்பிடுகிற குரலில் ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. பேனருக்கு அடியிலிருந்து கல்யாணப் பெண் பதில் கொடுத்தது.

டோமிங்கா போய்ப் பேனரை விலக்கி, அன்றைக்கு முதல் முறையாக ஒரு முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். நிகனோர் மந்தையைத் தவிர வேறெங்கும் இல்லாத வளையம். கையிலிருந்த கத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் எர்மெலிண்டாவிடம் கொடுத்தாள். அவளும் அதை அடுத்தவளிடம் தள்ளினாள். கத்தி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லிசாந்த்ரோ கைக்கு வந்து நின்றது.

நிகனோர் வேலியோரமாக நடந்து வந்துகொண்டிருந்தான். அவசரமில்லாத நடை. ஊர் மொத்தமும் ஜோடியை இழுத்துக்கொண்டு கம்பிக்குப் போனது. ஒன்பது வருடத்தில் அவன் டோமிங்காவிடம் பேசிய முதல் வார்த்தை மரியாதையோடு வந்தது.

"அது என் உருப்படிங்க."

லிசாந்த்ரோ கையில் கத்தியோடு, யாரும் கேட்காமலேயே சட்டத்தை விளக்கினான். அடுத்தவர் கால்நடையில் தன் அடையாளத்தைப் போடுவது குற்றம். தான் அரசாங்க ஆள். பார்த்துவிட்டதால் டவுனில் சொல்லியாக வேண்டும். உருப்படி திருடிக் கொண்டுவரப்பட்டதல்ல என்று உரியவரே சொன்னால் மட்டும் பேச்சே இல்லை.

"அதனால கேக்குறேன். இது எப்படி டோமிங்காம்மா பட்டிக்குள்ள வந்துச்சு?"

நான் கொண்டுவரவில்லை என்று டோமிங்கா சொன்னால், பின்னே தானாக வந்ததா என்று கேட்பார்கள். தானாக வந்தது என்று சொன்னால் ஒன்பது வருடத்துப் பாட்டை மறுபடி அவன் முகத்துக்கு நேராகப் பாடின மாதிரி ஆகும். லாரி வியாபாரி திருட்டுப் பேர் விழுந்த மந்தையை வாங்க மாட்டான். தண்ணீரும் இல்லை, விற்கவும் முடியாது. மந்தை இங்கே சாகும், தான் டவுன் போலீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தக் கையால்தானே வெட்டினேன், ஒரு தடவை முகத்தைப் பார்த்திருந்தால் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

எல்லோரும் நிகனோரைப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்து கோக்கா இலைச் சக்கையை எடுத்தான். எறிந்தான். தொப்பியைச் சரி செய்தான்.

"தானா வந்துச்சு" என்றான்.

கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரிக்கப் போனான். எர்மெலிண்டா அவன் காலை மிதித்தாள். டோமிங்காவுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்றே சந்தேகமாக இருந்தது. இதே வார்த்தைக்காகக் கம்பி வாங்கியவன், கம்பம் நட்டவன், அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு அதையே சொல்கிறான்.

லிசாந்த்ரோவுக்கு விஷயம் எதுவும் தெரியாது. அப்படியென்றால் நல்லது, உருப்படியைக் கூட்டிப் போகலாம் என்றான். அப்போதுதான் மற்றவர்களுக்குக் கல்யாணம் ஞாபகம் வந்தது. பிரிக்கக் கூடாதே. பெண் அங்கே போனால் மாப்பிள்ளையும் போக வேண்டும். மாப்பிள்ளை இங்கே இருந்தால் பெண்ணும் இருக்க வேண்டும். எர்மெலிண்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சம்பந்திகள் பேசி முடிவு செய்யுங்கள் என்றாள்.

சம்பந்திகள் பேசினார்கள். இருவருக்கும் நடுவே மூன்றடி தூரமும் ஒரு கம்பியும்தான். ஆனாலும் எல்லாவற்றையும் லிசாந்த்ரோவிடம் சொல்லி, அவன் திரும்பிச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பெண்ணுக்கு ஆற்றுத் தண்ணீர் குடித்துப் பழக்கமில்லை என்று நிகனோர் சொல்லச் சொன்னான். டோமிங்கா அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

"என் கிடா வீட்டோட மாப்பிள்ளையா போகாதுன்னு சொல்லு எஞ்சினியரு."

அவன் சொன்னான். எர்மெலிண்டா டோமிங்காவின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். பிஷப் யாரையும் கேட்காமல் பெண்ணின் காதுக் குஞ்சத்தைத் தின்ன முயன்றது.

"அப்ப ரெண்டுக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றான் நிகனோர். இந்தத் தடவை நேராகவே சொன்னான். "சம்பந்தம் ஆன வீட்டுக்கு நடுவுல கம்பி இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

சட்டைப்பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து முதல் கம்பியை வெட்டினான். பிறகு இரண்டாவது. கம்பி சுருண்டு பின்வாங்கியது. பெண் தாயிடம் ஓடியது, கழுத்துக் கயிற்றோடு பிஷப்பும் ஓடியது. பொலிகிடா போன வழியில் மந்தை போகும். வெள்ளை, கறுப்பு, சாம்பல், புள்ளி, திட்டு எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இடைவெளியில் நுழைந்து ஊற்றடியை நோக்கி ஓடின. அன்றைக்குத்தான் குஞ்சம் கோத்த காதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் மேல் குனிந்தன. குட்டிகள் தாய்களின் காலுக்கு நடுவே புகுந்து குடித்தன. டோமிங்கா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். முகத்தில் பவுடர் இரண்டு கோடாக வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

சாம்பல் புதனன்று லாரி வந்தது. டோமிங்கா டிரைவருக்குச் சூப் கொடுத்து அனுப்பிவைத்தாள். நார்மாவுக்குப் போன் போட்டு, பால்கனியில் இன்னொரு பூந்தொட்டி வைத்துக்கொள், எனக்கு இங்கே சம்பந்தி வீட்டு வேலை இருக்கிறது என்றாள். நார்மா ஒன்றும் புரியாமல் சரி என்றாள். கட்டிய மூட்டையைப் பிரித்தபோது கல்யாணப் போர்வை கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை டோமிங்கா ஊற்றடிக்குப் போனாள். புதிதாக வெட்டிய காதுகளில் புண் ஆறிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது விரலில் ஏதோ தட்டியது. கழுத்தைச் சுற்றி ரோமம் அமுங்கி ஒரு தடம் இருந்தது. அதில் ஒரு இழை சிக்கியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய ரோமக் கயிற்றின் இழை. காது வெட்டில் அவர்கள் பயன்படுத்தியதெல்லாம் தோல் கயிறு. கறுப்பும் வெள்ளையும் கலந்த ரோமத்தை மூட்டையில் சேர்க்காமல் கயிறாகத் திரித்துத் தீர்க்கிறவன் இந்த ஊரில் நிகனோர் ஒருவன்தான். கழுத்தில் கயிறு போட்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்ததை இழுத்துக்கொண்டு வந்த தடம் அது.

அவள் இழையை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுகரையில் புல் மேல் உட்கார்ந்திருந்த நிகனோரிடம் போனாள்.

"இதுக்கு ஏன் போன வருஷமே காது வெட்டல?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா."

"ம்."

"ஒரு பாட்ட ஒம்பது வருஷம் மறக்காத ஆளு, ஒரு குட்டியோட காத மறந்துட்டே."

எதிரே டோமிங்காவின் குட்டி ஒன்று தண்ணீரில் முன்காலை வைத்துவிட்டு, அது ஈரமாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு எடுத்தது. மறுபடி வைத்தது.

"நீ தோள்ல போட்டுட்டுப் போவியே" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "அதுங்க கத்துறது என் அடுப்படி வரைக்கும் கேக்கும். ஒரு நாள் கத்தல. அது இன்னும் மோசமா இருந்துச்சு."

அப்படியென்றால் ஒரு வார்த்தை சொல்லி வேலியைத் திறந்திருக்கலாமே என்று கேட்க வந்தாள். கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லித் தண்ணீர் கேட்டிருக்கலாமே என்று அவனும் கேட்கலாம். இரண்டு பேரும் எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் இழையை விரலிலிருந்து அவிழ்த்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணு காது ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்னிவல் பிசாசைப் புதைக்கிற நாள். பிசாசுப் பொம்மையைக் குழியில் இறக்கி, மீதிக் கள்ளை ஊற்றி, கடைசிப் பாட்டுகளைப் பாடிவிட்டால் அடுத்த வருடம் வரைக்கும் கிண்டல் கிடையாது. லிசாந்த்ரோவும் வந்திருந்தான். அவன் எடுத்த போட்டோவை ஆபீசில் எல்லோரும் பாராட்டி, பெரிதாக்கி மாட்டி வைத்திருந்தார்களாம். பேனருக்கு அடியில் இருப்பது மக்கள் இல்லை என்பதை மட்டும் யாரும் இதுவரை கவனிக்கவில்லை என்றான்.

ஊருக்கு அன்றைக்கு ஒரே ஒரு பாட்டுதான் வேண்டியிருந்தது. நிகனோர் ஊர் முன்னால் தானா வந்துச்சு என்று சொன்ன பிறகு அந்தப் பழைய பாட்டைக் கேட்காமல் பிசாசைப் புதைக்க முடியுமா? ஒன்பது வருடம் கழித்து ஜெயித்தவள் அவள். எர்மெலிண்டா பறையைக் கொண்டுவந்து டோமிங்காவின் மடியில் வைத்தாள். சுற்றிலும் சிரிப்பு தயாராக நின்றது. எதிரே நிகனோர் கையில் கள் கிண்ணத்தோடு நின்றான். இந்தத் தடவை வழக்கப்படி சிரித்துவிட்டுக் குடித்துவிடுவது என்று முகத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தான்.

டோமிங்கா பறையை எடுத்தாள். ஒரு தட்டு தட்டினாள். இரண்டாவது தட்டு தட்டவில்லை.

"என்னம்மா, பாடு" என்றாள் எர்மெலிண்டா.

டோமிங்கா பறையைத் திருப்பி அவள் மடியில் வைத்தாள்.

"மறந்துபோச்சு" என்றாள்.